மார்புப் பட்டை

மலையேறுவதற்காக அண்ணனும் தம்பியும் மலையடிவார விடுதியில் வந்து இறங்கியது நல்ல வெயில் நேரத்தில். அண்ணன் லாரி டிரைவர். இருபது வருஷம் பாரம் கட்டிய கை. தம்பி வாங்கி வந்திருந்த புதுப் பையைப் பார்த்ததுமே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏன்டா, பை வாங்குனியா, பீரோ வாங்குனியா? இடுப்புப் பட்டை வயித்துல நிக்குது பாரு. பாரம் இடுப்பெலும்புல உக்காரணும்டா. தோள்ல தொங்குனா நாலு மைல்ல நாக்குத் தள்ளிடும்.”

சுவரில் தொங்கிய பைகளில் பழைய பச்சைப் பை ஒன்றை எடுத்துத் தம்பிக்கு அவரே மாட்டிவிட்டார். அளவெடுத்துத் தைத்ததுபோல் முதுகில் உட்கார்ந்தது. லேசாகச் சேற்று நாற்றம் அடித்தது, அவ்வளவுதான்.

விடுதிக்கார அம்மா பதறி வந்தார்.

“ஐயோ, அது வாடகைக்கு இல்லீங்க. போன வருஷம் ஆத்துல செத்தவரோடது. பட்டையை அவுக்காம எறங்கிட்டாரு. அவரு வீட்டாளுங்க வருவாங்கன்னு வச்சிருக்கேன்.”

“செத்தவனுக்கு எதுக்கும்மா பை? ரெண்டு நாள்ல கொண்டாந்துடுறோம்” என்று சிரித்தார் அண்ணன். வாய்க்கொழுப்பு அவருக்குப் பிறவிக் குணம்.

மறுநாள் மதியம் ஆறு குறுக்கிட்டது. தொடையளவு தண்ணீர்தான், ஆனால் நல்ல இழுப்பு. விழுந்தால் பையை உதறிவிட்டு நீந்த வேண்டும். அதனால் தம்பியின் மார்புப் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் அண்ணன் தன் கையாலேயே அவிழ்த்துவிட்டுத்தான் முன்னால் இறங்கினார்.

பாதி ஆற்றில், பின்னால் ‘டக்’ என்றது.

இன்னொரு ‘டக்’.

திரும்பினார். இரண்டு பட்டைகளும் பூட்டியிருந்தன. தம்பியின் இரண்டு கைகளும் ஊன்றுகோலைத்தான் பிடித்திருந்தன.

“நான் போடலண்ணா...”

பை அவனைப் பின்னால் சாய்த்துத் தண்ணீரில் முக்கியது. அண்ணன் பாய்ந்து பிடித்தார். மார்புப் பட்டை இறுகிக்கொண்டே போயிற்று. தண்ணீர் இரைச்சலையும் மீறி விலா முறிகிற சத்தம் கேட்டது. தம்பியின் வாயிலிருந்து ரத்தம் கொப்பளித்தது.

“விடுடா! என் தம்பியை விடுடா!”

யாரை அதட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை. இடுப்பிலிருந்த கத்தியை உருவிப் பட்டையை அறுத்தார். அவர் ஒரு பக்கம் இழுக்க, பைக்குள்ளிருந்து யாரோ மறுபக்கம் இழுத்தார்கள். கத்தி வழுக்கி அவர் உள்ளங்கையைக் கிழித்தது. கடைசி நூலும் அறுந்து பை வெள்ளத்தோடு போயிற்று.

கரையில் தம்பி மூச்சுவிட்டான். அண்ணன் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். “அம்மா முகத்துல எப்படிடா முழிச்சிருப்பேன், பாவி...”

காயம் பார்க்கச் சட்டையைத் திறந்தார். மார்புக்குக் குறுக்கே கன்றிப்போன பட்டைத் தடம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு விரல் ஆழம் சதைக்குள் இறங்கியது.

“அண்ணா... அவுத்து விடுண்ணா...”

அண்ணன் ரத்தக் கையால் அவன் மார்பெல்லாம் தடவினார். அவிழ்க்க அங்கே ஒன்றுமே இல்லை.