கோபுர வீட்டின் மெழுகுப் பலகை

ஒசானே பலகையின் மெழுகுத் திரியை ஊதி அணைத்ததும் புகை மேலே எழவில்லை. பலகையின் விளிம்பில் வழிந்து, மேசைக்காலைத் தழுவியபடி கீழே இறங்கி, யாரோ அடியிலிருந்து உறிஞ்சியதுபோல் தரைப்பலகைகளின் இடுக்கில் மறைந்தது. காற்று இழுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஜன்னல் சாத்தியிருந்தது.

நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்களின் நாள். மாலை ஐந்தரை மணி. ஆற்றோரத்து அந்தக் கல் கோபுரத்தில் ஒரே குடும்பம் அறுநூறு வருடம் குடியிருந்தது. கடைசி ஆளும் போன பிறகு நகராட்சி அதை அருங்காட்சியகமாக்கியது. பதினோரு வருடமாகச் சீட்டுக் கொடுப்பதும் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போவதும் ஒசானேதான்.

இன்றைக்கென்று அதிகாரி கோர்கா ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மூன்றாம் மாடிக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் மெழுகுப் பலகையை எடுத்து, வருகிறவர்கள் முன்னால் ஏற்றிக் காட்ட வேண்டும். முழங்கை நீளத்துக்குச் செதுக்கிய பலகை, அதன்மேல் நூல்கண்டுபோல் சுற்றிய மஞ்சள் மெழுகுத் திரி. முன்பெல்லாம் வீட்டுக்காரி அதை மாதா கோயில் தரையில் தன் வீட்டுக்கு உரிய இடத்தில் வைத்து ஏற்றி, வீட்டில் செத்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பாள். வீடு யார் கைக்குப் போனாலும் அந்த வீட்டின் செத்தவர்களும் கூடவே அவர்கள் பொறுப்பில் வந்துவிடுவார்கள்.

அரை மணி முன்னால்தான் அவள் அதை ஏற்றியிருந்தாள். இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை. பின்வரிசையில் நின்ற மீன்காரி சும்மா இருக்கவில்லை.

"சாவி உன் இடுப்புலதான இருக்கு? அப்ப நீதான வீட்டுக்காரி. உங்க வீட்டுல செத்தவங்க பேரு உனக்கே தெரியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். காது சூடேறிப்போன ஒசானேயின் வாயில் நாற்பது நாளாக உருண்டுகொண்டிருந்த ஒரே பெயர் தானாக வெளியே விழுந்தது.

"பிஷெந்தே."

அது அவள் கணவன் பெயர். நுரையீரல் காய்ச்சலில் நாற்பது நாள் கிடந்து, இன்று காலைதான் முதல்முறையாக ஒரு கிண்ணம் அவரைக் கஞ்சியை முழுதாகக் குடித்து, உப்பு போதவில்லை என்று சண்டையும் போட்டிருந்தான். எரியும் பலகைக்கு முன்னால் உயிரோடு இருப்பவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாரும் கவனிக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகுதான் அப்படி ஊதி அணைத்தாள். கீழே போய்ப் பெரிய கதவைத் தாழிட்டாள். திரும்பி ஏறும்போது, மழையில் நனைந்த கம்பளித் துணியும் பல காலம் சீவாத தலையும் சேர்ந்தாற்போல் ஒரு வாடை படிக்கட்டு வளைவுகளில் அவளுக்கு முன்னால் ஏறிப் போனது. கனத்த பாவாடைகள் கல்லில் உரசும் சத்தம் ஒரு வளைவு தள்ளியே கேட்டுக்கொண்டிருந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது.

மூன்றாம் மாடியில் யாரும் இல்லை. திரி எரிந்துகொண்டிருந்தது.

கைபேசி அடித்தது. வீட்டிலிருந்து பிஷெந்தே.

"ஒசானே, நீ யாரையாச்சும் அனுப்பிச்சியா?"

"இல்லையே. ஏன்?"

"நாலஞ்சு பொம்பளைங்க வந்து கட்டிலச் சுத்தி உக்காந்திருக்காங்க. எல்லாம் கறுப்புத் துணி. என்ன வேணும்னு கேட்டா வாயே தெறக்க மாட்டேங்கறாங்க. உங்க பக்கத்துச் சொந்தம்போல, மரியாதையே தெரியல."

அவள் குனிந்து சுடரை ஊதினாள்.

போனில் அவன் மூச்சு அறுந்தது. தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தவன்போல் ஒரு கொப்புளிப்பு. தீக்குச்சி. உடைந்தது. இன்னொன்று. மூன்றாவதில் திரி பற்றியது. அவன் நெஞ்சு கிழிய இழுத்து மூச்சுவிட்டான்.

"நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்தாப்ல இருந்துச்சுடி."

அவளுக்குப் புரிந்துவிட்டது. எரியும்வரை இந்த வீட்டின் செத்தவர்கள் காத்திருப்பார்கள். அணைந்தால் காத்திருக்க வேண்டியதில்லை.

கைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தாள். திரியைச் சுற்று சுற்றாகப் பிரித்துச் சுடருக்குக் கொடுத்தாள். வேகமாகத் தின்றது. எதிரே மாதா கோயிலில் கட்டுக்கட்டாக மெழுகுவத்தி இருக்கிறது. பலகையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் ஒரு கால் வைத்தாள். சுடர் கடுகளவாகச் சுருங்கியது. போனில் அவன் முனகினான். திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

"இப்ப எத்தன பேரு?"

"எண்ண முடியல. மாடிப்படியிலயும் நிக்கறாங்க."

கடைசிச் சுற்று. பலகை கருகும் நெடி. ஒரு விரற்கடை. அரை. சுடர் நீலமாகி மரத்தோடு ஒட்டிப் படுத்தது. அதை நிமிர்த்தி வைக்கப்போகிறவள்போல், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, ஆள்காட்டி விரலைக் கொடுத்தாள்.

சுடர் விரலில் ஏறிக்கொண்டது.

வலிக்கவில்லை. துளிக்கூட. நகம் மஞ்சளாகி, இளகி, ஒரு சொட்டு பலகையில் விழுந்து உறைந்தது. விரல் நுனி நேராக, அமைதியாக எரிந்தது.

"அப்பாடா," என்றான் பிஷெந்தே. கொட்டாவி விட்டான். "எந்திரிச்சுட்டாங்க. எல்லாரும் போறாங்க. மூச்சு இப்ப நல்லா வருது. போறப்ப ஒருத்தி என் காதுகிட்ட வந்து, உன் பொண்டாட்டிய மெதுவா எரியச் சொல்லுன்னா. என்னடி சொல்றா?"

படிக்கட்டில் பாவாடைகள் உரசின. ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்து அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தன. வந்து உட்காருவது நெடுநேரம் நிற்கவே இல்லை. முதல் கணுவரை விரல் கரைந்திருந்தது.

"ஒசானே? எப்ப வருவ?"

பின்னாலிருந்து நீண்ட ஒரு குளிர்ந்த கை, அவளுடைய மீதி ஒன்பது விரல்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, நீவி நேராக்கி, பலகையின்மேல் வரிசையாக வைத்தது.