சின்னதம்பி வெட்டிய கேஸ்கட்

“நாளைக்கு சாயந்தரத்துக்குள்ள ஷெட்டைக் காலி பண்ணணுமாம், அய்யா,” என்றான் மெக்கானிக் சின்னதம்பி. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பழைய செய்தித்தாளில் சுருட்டிய ஒரு பொட்டலத்தைக் கண்ணாயிரத்தின் மேசைமேல் வைத்தான்.

கண்ணாயிரம் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜவ்வாது மலையில் வண்டித் தகராறு எதுவானாலும் போலீசுக்கு முன்னால் அவரிடம்தான் வரும். அண்ணன் மகள் ஜெயம்மாள் அந்த எண்பத்து மூன்றாம் வருடம்தான் பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

பொட்டலத்துக்குள் ஒரு கார்க் கேஸ்கட் இருந்தது. இன்ஜினின் உச்சியில் வால்வு கவருக்கு அடியில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் பட்டை. கருத்து, விறைத்து, ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்திருந்தது.

“புளி யாவாரம் பண்ற கோபால்சாமி முதலாளியோட அம்பாசடர்ல எண்ணெ ஒழுகிச்சு. செவ்வாக்கெழம புது கேஸ்கட் போட்டேன். புதன்கெழம வண்டி அவர் வூட்டுலயே நின்னுது. நேத்து டிரைவர் தசரதன், புள்ளத்தாச்சி மங்கம்மாளை ஏத்திக்கிட்டு ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்கு எறங்கினான். பாதி மலையில எண்ணெ ஒழுகி ஒரே பொகை. பாவம், வலியோட ரெண்டு மைல் நடந்தா. நல்லவேளை, தாயும் புள்ளையும் பொழச்சிக்கிச்சு.”

“அப்புறம்?”

“இன்னிக்குக் காலையில டீக்கடைக் கூட்டத்துக்கு முன்னாடி முதலாளியே கவரைத் தூக்கினாரு. இந்தப் பழசு வந்துச்சு. புதுசைத் திருடிட்டேன்னு என் மூஞ்சில வீசிட்டுப் போய்ட்டாரு. ஷெட்டு இடம் அவர்து.”

“கழட்டின பழசை இன்னா பண்ணே?”

“எப்பவும் போல கத்தியால ஒரு எடத்துல வெட்டி தசரதன்கிட்ட குடுத்தேன். எவனும் தொடச்சி புதுசுன்னு விக்கக்கூடாதில்ல? இதுல இருக்கறதும் என் வெட்டுதான். சொன்னா எவன் கேக்கறான்?”

அவன் போனதும் ஜெயம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “சித்தப்பா, அவனே வீட்டுக்குப் போய் இதை இப்போதுதான் வெட்டிக் கொண்டு வந்திருந்தால்?”

“இருக்கலாம். நம்மிடம் வருகிறவனையும் நம்பக்கூடாது. வேறென்ன தெரிகிறது?”

அவள் பூதக்கண்ணாடியைப் பிடித்தாள். பிரிந்த விளிம்பு நேர்கோடாக இருந்தது. பட்டையின் அடிப்பக்கத்தில், இன்ஜின் இரும்போடு அழுந்தும் இடத்தில், பழுப்பு நிறத் துணுக்கு ஒன்று பதிந்திருந்தது. கொண்டை ஊசியால் நெம்பினாள். ஒரு நாரும் கூடவே வந்தது.

“புளியம்பழ ஓடு,” என்றாள்.

சாயங்காலம் சின்னதம்பியின் ஷெட்டில் கோபால்சாமி, தசரதன் உட்பட ஐந்து பேரும் நின்றார்கள். எதிர் டீக்கடையில் காலையில் இருந்த அதே கூட்டம். ஜெயம்மாளுக்கு இப்போது தசரதன்மேல் சந்தேகம். பழசு அவன் கையில்தானே போனது?

“நான் புதன்கெழம கலசப்பாக்கத்துல மாமியார் வூட்ல இருந்தேன், சார்,” என்றான் தசரதன். “அந்தப் பழசை செவ்வாக்கெழமயே புளி கொடோன்ல போட்டுட்டு, வண்டி சாவியை முதலாளி கையில குடுத்துட்டேன்.”

கண்ணாயிரம் கேஸ்கட்டைத் தூக்கிக் காட்டினார். “கோபால்சாமி, காலையில நீங்க கவரைத் தூக்கினப்பவே இது பிரிஞ்சிருந்துதா?”

“ஆமா. பழசு, சூட்டுல வெடிச்சிருக்கு. பத்து பேர் பார்த்தாங்க. கண்ணாடி போட்டும் தெரியலையா உங்களுக்கு?”

“வெடிச்சுதா?” தசரதன் சிரித்துவிட்டான். “அது சின்னதம்பி வெட்டு, முதலாளி! ஆறு வருசமா இப்படித்தான் வெட்டிக் குடுக்கறான்.”

கோபால்சாமியின் முகத்தில் சிரிப்பு இல்லை.

“அவ்வளவுதான்,” என்றார் கண்ணாயிரம் அமைதியாக. “காலையிலேயே பிரிஞ்சிருந்தா, சின்னதம்பி அப்புறமா வெட்டலை. திருப்பிப் போடறதா இருந்தா முன்னாடியும் வெட்டியிருக்க மாட்டான். தசரதனுக்கு வெட்டோட அர்த்தம் தெரியும். அவன் இதைத் தொட்டிருக்க மாட்டான். ஷெட்டுக்கு வராத ஆளுக்குத்தான் இது பழசோட விரிசலா தெரியும்.”

“ஊகம்!”

“ஜெயா, காட்டு.”

அவள் அந்தத் துணுக்கை மடித்து வைத்திருந்த காகிதத்தை விரித்தாள். “இந்தப் புளி ஓடு கேஸ்கட்டுக்கு அடியில் பதிந்திருந்தது. காற்றில் பறந்து வந்திருந்தால் மேலேதான் ஒட்டும். கவரை மூடுவதற்கு முன்பே ஒட்டியிருக்க வேண்டும். இது உங்கள் கொடோனில் கிடந்த பிறகுதான் இன்ஜினுக்குள் போயிருக்கிறது.”

“கவருக்கு ரெண்டே நட்டு,” என்றார் கண்ணாயிரம். “புதன்கிழமை, ஸ்பானர் இருந்தா யாரும் கழட்டலாம். புளி சீசன். கொடோன் பத்தலை. பக்கத்துல இந்த ஷெட்டு. காலி பண்ண வைக்க ஒரு சாக்கு வேணும்.”

கோபால்சாமி பக்கத்தில் மூட்டை நெரிசலான தன் கொடோனைப் பார்த்தார். “கொஞ்சம் ஒழுகும், அவ்ளோதான்னு நெனச்சேன். மங்கம்மா ஏறுவான்னு தெரியாது. சரி. ஷெட்டு இருக்கட்டும்.”

“எங்கிட்ட சொன்னா ஆச்சா?” என்றான் சின்னதம்பி. “காலையில யாருக்கு முன்னாடி என்னைத் திருடன்னீங்களோ, அவங்ககிட்ட சொல்லுங்க.”

கோபால்சாமி துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு சாலையைக் கடந்தார். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். கோபால்சாமியின் உதடுகள் அசைந்தன.

தசரதன் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தினான்.

“கேக்கல, முதலாளி!”