கிணற்றடியிலிருந்து ஏழாவது மாடிக்கு

சரவணம்பட்டியில் ஏழாவது மாடி வீட்டுக்குள் பாசி பிடித்த கிணற்றின் வாடை வர வழியே இல்லை. ஆனாலும் சாயங்காலம் விளக்குப் போட்டதிலிருந்து வாசல் கதவின் அடியில் ஈரத்தோடு ஊர்ந்து வந்து, ஏசியின் குளிரையும் மீறி அது வம்சியின் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. சாக்கடை அடைப்பு என்று முகத்தைச் சுளித்தான். மானுடவியல் பேராசிரியருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கும்.

மேட்டுப்பாளையம் பக்கம் ஓர் ஊருக்குக் கள ஆய்வு என்று போய், மயிலாத்தாள் வீட்டில் ஒரு மாதம் வக்கணையாகச் சாப்பிட்டவன் அவன். கிணற்றில் விழுந்து செத்த மயிலாத்தாளின் மருமகள், பொழுது சாய்ந்தால் வீட்டு ஆட்களின் குரலிலேயே வாசலில் நின்று கூப்பிடுவாளாம். சுவரில் பல்லி சத்தம் கொடுத்தால்தான் வந்திருப்பது மெய்யான ஆள் என்று கதவைத் திறப்பார்களாம்.

"இத எழுதிப்போடாதீங்க கண்ணு. கெவுளிகிட்டக் கேட்டேன், உத்தரவு வரலைங்க," என்றாள் மயிலாத்தாள்.

"பல்லிகிட்ட பர்மிஷன் வாங்கித்தான் நான் நாவல் எழுதோணுமாங்க?" என்று சிரித்தான்.

எழுதினான். பட்டிக்காட்டுக் கதையை எவன் படிப்பான் என்று அதைத் தன் அடுக்குமாடிக்கே மாற்றினான். செத்தவள் லிஃப்டில் ஏறி வருகிறாள், அவன் வீட்டு வாசலில் நிற்கிறாள். அந்த ஊரைத் தாண்டத் தெரியாமல் கிடந்தவளுக்கு விலாசம் எழுதிக் கொடுத்த மேதாவி. கடைசி அத்தியாயத்தை இன்று மத்தியானம்தான் முடித்தான்.

வெளியே லிஃப்ட் திறந்தது. ஈரக் கால்கள் தரையில் ஒட்டி ஒட்டி நடந்து வந்தன.

"ஏனுங்க, கதவத் தொறங்க."

நவ்யாவின் குரல். ஆபீஸ் விட்டு வரும் நேரம்தான். ஆனால் அவன் மனைவி அவனை ஒருநாளும் 'ஏனுங்க' என்று கூப்பிட்டதில்லை. தாழ்ப்பாளுக்குப் போன கை நின்றது.

"வம்சி! சீக்கிரம் தொற! இங்க யாரோ..."

இதுவும் நவ்யாதான். பாதியில் அறுந்தது.

சுவரைப் பார்த்தான். ஒரு பல்லி போதும். அசிங்கம் என்று ஆள் வைத்து மருந்தடித்து எல்லாவற்றையும் ஒழித்தவனும் இவனே. வெள்ளைச் சுவர். வெறும் சுவர். ஐயா பயந்தார், நன்றாகவே பயந்தார்.

கதவுத் துளையில் கண்ணை வைத்தான்.

நவ்யா. விழி பிதுங்கிய நவ்யா. பின்னாலிருந்து வந்த கை ஒன்று, தண்ணீரில் ஊறி வெளுத்த கை, அவள் வாயை அழுத்திப் பொத்தியிருந்தது.

ஆனாலும் அவள் குரல் தெளிவாக, பொறுமையாகக் கேட்டது.

"தொற வம்சி. நான்தான்."