முதல் ஒரு வாரம் தற்காலிகம்

செவ்வாய்க்கிழமை காலை 10.55க்கு, மருத்துவமனையின் நான்காம் மாடியில், ஏழாம் படுக்கையில் இருந்த பெண் இறந்தாள். வயது நாற்பத்தொன்று. நோயாளி எண் 4417. பதினைந்து நிமிடம் கழித்து, அதே கட்டடத்தின் அடித்தளத்தில், அவளுடைய தம்பி சர்வரின் திரையில் ஒரு விதியைக் கண்டான். கைப்பேசியில் அதைப் படம் எடுத்தான், பிறகு அழித்தான். மேலே வந்து, அக்காளின் கணவரிடம், "அத்தான், நான்தான் கொன்னுட்டேன்" என்றான்.

அத்தான் அவனைப் பார்த்தார். எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

புதன், பிற்பகல் 2.10. ஆய்வாளர் அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. ஒரு வாக்கியத்தில் முடிவதை இரண்டில் சொல்லாதவர். உடன் வந்த ஏட்டு காவல் வேலைக்கு வருமுன் பள்ளியில் மொழி கற்பித்தவர். வாக்குமூலங்களில் ஒற்றுப்பிழை பொறுக்கமாட்டார். நிலையத்தில் அவருக்கு 'வாத்தியார்' என்று பெயர்.

சர்வர் அறை குளிராக இருந்தது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஓயாத மின்விசிறி இரைச்சல். சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தப் பரிசோதனைக் கூடம். தம்பி நின்றுகொண்டே இருந்தான். நாற்காலி இருப்பதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

"என்ன வேலை?"

"சர்வர் மேடம்."

ஏட்டு நிமிர்ந்தார். "கேன்டீன்லயா?"

"இல்ல சார், கம்ப்யூட்டர் சர்வர். எல்லாரும் அதான் கேப்பாங்க. அக்காவே அப்படித்தான் கூப்பிடுறா. 'சர்வர், சூடா ஒரு காபி'ன்னு. ஒரு நாளைக்கு நாலு காபி குடிக்கிறா." அவன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. நேற்றைய தினசரியை வாசிப்பவன் போலச் சொன்னான்.

ஏட்டின் பேனா 'குடிக்கிறா' என்ற சொல்லின் முன் ஒரு கணம் நின்றது. பிறகு அப்படியே எழுதியது.

"நடந்ததைச் சொல்லு" என்றார் ஆய்வாளர்.

"ஆஸ்பத்திரி வெப்சைட்டைப் பழைய அட்ரஸ்லேர்ந்து புது அட்ரஸுக்கு மாத்திட்டிருக்கேன். வீடு மாறினா பழைய வாசல்ல 'இங்க வாங்க'ன்னு சீட்டு ஒட்டுவோமே, அந்த மாதிரி விண்டோஸ் சர்வர்ல ரூல் எழுதணும். பழைய பக்கத்தைக் கேட்டு வர்றவங்களைப் புதுப் பக்கத்துக்குத் திருப்பிவிடணும். எந்த ரூல் எழுதினாலும் சோதனைக்கு அக்காவோட நம்பரைத்தான் போடுவேன். மனப்பாடம்."

"சரி."

"அந்தச் சோதனை ரூல்ல திசை மாறிப்போச்சு. பழசுலேர்ந்து புதுசுக்குன்னு எழுத வேண்டியது, புதுசுலேர்ந்து பழசுக்குன்னு இருந்தது. பழைய சைட்ல ஞாயித்துக்கிழமை ரிப்போர்ட்தான் இருக்கு. டாக்டர் அதைப் பாத்து ஊசி போட்டுட்டார்."

அவளுக்கு நாள்தோறும் கொடுக்கப்பட்டது ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி. ஞாயிற்றுக்கிழமை அறிக்கையின்படி போடலாம். செவ்வாய்க்கிழமை அறிக்கையின்படி கூடவே கூடாது.

"யார் எப்போ எந்தப் பக்கத்தைத் திறந்தாங்கன்னு குறிப்பு இருக்குமே?"

"லாக்குன்னு ஒண்ணு இருக்கு. டிஸ்க் நிறைஞ்சுபோச்சுன்னு போன மாசம் நான்தான் நிறுத்தினேன். அதுவும் என் தப்புதான்."

"திசையை மாத்தி எழுதினது ஞாபகம் இருக்கா?"

"இல்ல. ஆனா வேற யாரு எழுதுவா?"

"நேத்து இந்த அறையை விட்டு எப்போ போனே?"

"பத்து இருபதுக்கு. அக்கா மயங்கிட்டான்னு போன் வந்தது. ஓடினேன். திரும்பி வந்தது பதினொண்ணு பத்துக்கு."

"திரையைப் பூட்டினியா?"

அவன் யோசித்தான். "இல்ல."

ஆய்வாளர் திரையைப் பார்த்தார். அவன் எழுதிய விதிகள் பதினொன்று வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் இறுதியிலும் 307 என்ற எண். பிறகு கைப்பேசிப் படத்தைப் பார்த்தார். அழிக்கப்பட்ட விதியின் இறுதியில் 301. அப்போதைக்கு அவர் எதுவும் கேட்கவில்லை.

2.50. ரத்தப் பரிசோதனைக் கூடம். அதன் தலைவி இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர். சீசாக்களின் பெயர்ச்சீட்டுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும்படி அடுக்கியிருந்தார்.

"நேத்து ரிப்போர்ட்டை எத்தனை மணிக்கு சர்வர்ல ஏத்தினீங்க?"

"எட்டு அம்பது. ரிப்போர்ட்லயே போட்டிருக்கே."

"அந்த நேரத்தை யார் போடுறது?"

"நான்தான் டைப் பண்ணுவேன்."

"சர்வர்ல அந்த ஃபைலுக்கு நேரம் பத்து அம்பதுன்னு இருக்கு."

"பேர்ல ஒரு எழுத்துப் பிழை. அழிச்சிட்டுத் திரும்ப ஏத்தினேன்."

எழுத்துப் பிழை என்றதும் ஏட்டு தலையசைத்தார். அது அவருக்கு நியாயமான காரணமாகவே பட்டது.

"ஏத்தின பிறகு, சைட்ல சரியா வருதான்னு திறந்து பாத்தீங்களா?"

"எதுக்குங்க? ஏத்துறதோட என் வேலை முடிஞ்சுது. படிக்கிறது டாக்டர் வேலை. நேத்து பூரா நான் அந்தப் பக்கத்தைத் தொடவே இல்ல."

"உங்களுக்கு ரூல் எழுதத் தெரியுமா?"

"தெரியும்னு சொல்ல முடியாது. போன மாசம் அக்காவைச் சேர்க்க அவர் லீவு போட்டப்ப ஒண்ணு போட்டேன். எங்க அமுக்கணும்னு சீட்டுல எழுதி வெச்சிட்டுப் போயிருந்தார், அதைப் பாத்து." குரலைத் தாழ்த்தினார். "பாவம் மேடம் அந்தத் தம்பி. யானைக்கும் அடி சறுக்கும். ரொம்பக் கடுமையா எழுதிடாதீங்க."

3.25. நான்காம் மாடி. பிரேதப் பரிசோதனை முடியாததால் உடல் இன்னும் ஒப்படைக்கப்படவில்லை. அத்தான் தாழ்வாரத்து நாற்காலியில் இருந்தார். மடியில் மனைவியின் துணிப்பை. ஆய்வாளரைக் கண்டதும் ஒரே கேள்வி கேட்டார்.

"அவன் செஞ்சதா மேடம்?"

"தெரியல."

"அவனைத் தூக்கி வளர்த்தவ அவ. அவன் செஞ்சிருந்தா..." பையின் காதை ஒருமுறை மடித்தார், பிரித்தார். தம்பியோ நான்கு நாற்காலி தள்ளி வந்து உட்கார்ந்திருந்தான். இருவருக்கும் இடையில் இருந்த மூன்று நாற்காலிகளிலும் யாரும் உட்காரவில்லை.

மருத்துவர், செவிலியர் மேசையருகே நின்றார். இரவெல்லாம் விழித்திருந்த கண்கள்.

"ஒம்பது நாப்பதுக்கு இந்தக் கம்ப்யூட்டர்லதான் திறந்தேன். நம்பர் சரியா இருந்தது. தேதியைப் பாக்கல. பாத்திருக்கணும்."

"பக்கத்துத் தலைப்பு என்ன நிறம்?"

"கவனிக்கல. ஏன்?"

"பழைய சைட் பச்சை, புதுசு நீலம். இந்தக் கம்ப்யூட்டரை நேத்துலேர்ந்து யாராவது சுத்தம் பண்ணினாங்களா? உள்ள இருக்கிறதை அழிக்கிறது, அந்த மாதிரி?"

செவிலியர் பதில் சொன்னார். "மேல இருக்கிற தூசியைத் தட்டவே ஆள் வரல மேடம்."

3.50. ஆய்வாளர் தம்பியின் அருகில் சென்று உட்கார்ந்தார்.

"உன் ரூல் எல்லாத்துலயும் 307ன்னு இருக்கு. அப்படின்னா?"

"டெம்பரரி. தற்காலிகம்."

"301?"

"பெர்மனெண்ட். புது ரூல் எழுதத் திறந்தா தானா வந்து நிக்கிறது அதுதான். நாமதான் மாத்தணும்."

"நீ எப்பவும் மாத்துவியா?"

"முதல் ஒரு வாரம் தற்காலிகம்தான் மேடம். எல்லாம் சரின்னு தெரிஞ்ச பிறகுதான் நிரந்தரம் பண்ணுவேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒருதடவை பட்டிருக்கேன்."

"என்ன பட்டே?"

"நிரந்தரம்னு சொல்லிட்டா, அந்தப் பக்கத்தைத் திறந்த கம்ப்யூட்டர் அதை மனசுல வெச்சுக்கும். அடுத்த தடவை சர்வரைக் கேக்கவே கேக்காது. நேரா திருப்பிவிட்ட இடத்துக்குப் போயிடும். இங்க ரூலை அழிச்சாலும் அங்க அழியாது. தற்காலிகம்னா ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுத்தான் போகும்."

சொல்லி முடித்து, மறுபடியும் தரையைப் பார்த்தான். தான் என்ன சொன்னோம் என்பது அவன் காதில் விழவில்லை. வேறு எந்த நாளிலும் விழுந்திருக்கும்.

ஆய்வாளர் எழுந்தார்.

4.05. செவிலியர் மேசை. "அதே பக்கத்தைத் திறங்க டாக்டர்."

மருத்துவர் பட்டியலில் 4417ஐ அழுத்தினார். நீலத் தலைப்பு. செவ்வாய்க்கிழமை அறிக்கை. மருத்துவர் அதைப் படிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

4.20. பரிசோதனைக் கூடம். இம்முறை தம்பியும் அத்தானும் வாசலில் நின்றார்கள், வரச்சொன்னவர் ஆய்வாளர்.

"உங்க கம்ப்யூட்டர்தானே இது? வேற யாராவது தொடுவாங்களா?"

"பாஸ்வேர்ட் எனக்கு மட்டும்தான் தெரியும்" என்றார் கூடத்தின் தலைவி.

"4417ஐத் திறங்க."

அவர் அழுத்தினார். பச்சைத் தலைப்பு. ஞாயிற்றுக்கிழமை அறிக்கை.

"பாத்தீங்களா, இன்னும் சரியாகல. அந்தத் தம்பி அழிச்சேன்னு சொன்னதே..."

"அழிச்சாச்சு. நேத்து பதினொண்ணு பத்துக்கு. மேல டாக்டர் கம்ப்யூட்டர்ல இப்போ நீலம் வருது. கட்டடத்துலயே இங்க மட்டும்தான் பச்சை."

வாசலில் நின்ற தம்பியின் தலை மெல்ல நிமிர்ந்தது.

"நிரந்தரம்னு போட்ட ரூலைத் திறந்த கம்ப்யூட்டர் அதை மறக்காது. இது மறக்கல. அதனால, அந்த ரூல் உயிரோட இருந்த நேரத்துல யாரோ இங்க உக்காந்து இந்தப் பக்கத்தைத் திறந்திருக்காங்க. நீங்க தொடவே இல்லன்னு சொன்னீங்க."

"காலையில... ஒருவேளை எட்டு அம்பதுக்கு ஏத்தினதும் பாத்திருப்பேன். மறந்திருப்பேன்."

"அப்போ எட்டு அம்பதுலேயே அந்த ரூல் இருந்திருக்கணும். இருந்திருந்தா ஒம்பது நாப்பதுக்குத் திறந்த டாக்டர் கம்ப்யூட்டரும் அதை மனசுல வெச்சிருக்கும். வெச்சுக்கல. ஒம்பது நாப்பதுக்கு அப்படி ஒரு ரூலே கிடையாது."

"ரூல் இல்லாம அவர் எப்படிப் பழைய ரிப்போர்ட்டைப் பாத்தாராம்?"

"புதுசு இல்லன்னா, இருக்கிறதுல கடைசி ரிப்போர்ட்டைத்தான் சைட் காட்டும். கடைசி, ஞாயித்துக்கிழமையோடது. உங்க ரிப்போர்ட் அதுவரை ஏறவே இல்ல."

மின்விசிறியின் இரைச்சல் சுவரைத் தாண்டிக் கேட்டது. ஆய்வாளர் மீதியையும் அதே குரலில் சொன்னார். பத்து இருபதுக்கு நோயாளி மயங்கிய செய்தி வந்தது. அப்போதுதான் அறிக்கை ஏற்றப்படாதது கூடத்தின் தலைவிக்கு நினைவுக்கு வந்தது. அடுத்த அறை காலி, திரை திறந்திருந்தது, அதில் 4417 என்ற எண்ணோடு ஒரு சோதனை விதி. பழி அந்த விதியின் மேல் விழட்டும் என்று, அதை நீக்கிவிட்டு, திசையைத் திருப்பி, புதிதாக ஒன்று எழுதினார். நிரந்தரம் என்பது தானாக வந்து நின்றது. மாற்ற வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கவில்லை. தன் இடத்துக்கு வந்து, வேலை செய்கிறதா என்று ஒரே ஒருமுறை திறந்து பார்த்தார். பிறகு அறிக்கையை எட்டு ஐம்பது என்ற நேரத்தோடு ஏற்றினார்.

கூடத்தின் தலைவி சீசாக்களைப் பார்த்தார். ஒன்று மட்டும் சற்றுத் திரும்பியிருந்தது. அதை நேராக வைத்தார்.

"மறந்துட்டேன்" என்றார். "எட்டு அம்பதுக்கு முடிச்சேன். போன் வந்தது, எழுந்து போனேன், மறந்துட்டேன். அவ்வளவுதான். இருபது வருஷத்துல ஒருதடவை."

"மறந்ததுக்கு நான் வரல. வாங்க."

4.50. தாழ்வாரம். கூடத்தின் தலைவியைக் கீழே வண்டிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். தம்பி அதே நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தான்.

"அப்போ நான் இல்லையா மேடம்?"

"இல்ல."

அவன் தலையாட்டினான். எழவில்லை, அழவில்லை. அத்தான் மூன்று நாற்காலிகளைக் கடந்து வந்து, அவனுக்கு அடுத்ததில் உட்கார்ந்தார். துணிப்பையைப் பாதி அவன் மடியிலும் பாதி தன் மடியிலுமாக வைத்தார்.

"நேத்துலேர்ந்து ஏதாவது சாப்பிட்டியாடா?"

"ஞாபகமில்ல அத்தான்."

"எனக்கும் ஞாபகமில்ல."

அவர்கள் எழுந்திருக்க வெகுநேரமாயிற்று.

5.40. காவல் நிலையம். ஏட்டு வாக்குமூலங்களைச் செம்மைப்படுத்திக்கொண்டிருந்தார். மூன்று ஒற்றுகள் சேர்த்தார். ஒரு காற்புள்ளி நீக்கினார். முதல் வாக்குமூலத்தின் நடுவில் அவர் பேனா நின்றது.

"மேடம், இதுல காலம் தப்பா இருக்கு. 'அக்கா நாலு காபி குடிக்கிறா'ன்னு நிகழ்காலத்துல சொல்லியிருக்கான். இறந்தகாலமாத் திருத்திடட்டுமா?"

ஆய்வாளர் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஒரு வாரம் போகட்டும் வாத்தியாரே."