இடது பக்கத்துச் செலவுகள்

முதல் தடவையாக அன்று காலை கிதிஞ்சி காசு வாங்கவில்லை.

"வேண்டாம்க்கா. இந்தத் தடவை என் செலவு" என்றான். கைக் கறையைத் துணியில் துடைத்துக்கொண்டே சாவியைப் பட்டறை மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்து நின்றான். பல நாள் காய்ச்சல் விட்டவனைப் போல அவன் முகம் தெளிந்திருந்தது. முகாமி அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டாள். நைரோபியில் அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் இந்தத் தம்பி. அவன் தொழிற்பயிற்சிக்குப் பணம் கட்டியவள் அவள்தான். அவன் தொட்ட பிறகுதான் தன் வண்டி வண்டியாக இருக்கிறது என்று, வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லித் திரிந்தவளும் அவள்தான்.

இப்போது நைரோபிக்கு வெளியே லிமுரு மேட்டில், மகளின் விடுதிப் பள்ளிக்கூட வாசலில், அந்தச் சிவப்பு வண்டிக்குள் உட்கார்ந்திருக்கையில் அது திரும்ப நினைவுக்கு வந்தது. இந்த இரண்டு கதவு வண்டியை வாங்கிய நாளிலிருந்து கிதிஞ்சி அவளிடம் எதற்கும் காசு வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஜூன் மாதக் குளிர்காலப் பனிமூட்டம் தேயிலைச் சரிவுகளிலிருந்து மெதுவாக ஏறிவந்து, முதலில் வேலியையும், பிறகு பள்ளியின் பெயர்ப்பலகையையும், பிறகு எதிரே நின்ற யூகலிப்டஸ் மரங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. மதியம்தான். ஆனாலும் விளக்கு போட வேண்டிய இருட்டு. வெப்பத்துக்காக இஞ்சினை ஓடவிட்டிருந்தாள். மடியில் மகள் வைரிமுவுக்காக வாங்கிய மண்டாசிப் பணியாரப் பொட்டலம் சூடு குறையாமல் எண்ணெய் வாசனை விட்டுக்கொண்டிருந்தது. அதன் அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. நனைந்து, காயாமல் மடித்து வைத்த கம்பளியின் வாசனை. புது இருக்கையின் வாசனை என்று நினைத்துக்கொண்டாள்.

வாசல் காவலாளி பராசா குடையோடு வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"மேடம், இந்த ரேஸ் வண்டிய இங்க நிறுத்தினா பிள்ளைங்க படிப்ப விட்டுடும்."

"ரேஸாவது ஒண்ணாவது. ஒவ்வொரு வேகத்தடையிலயும் வயித்தைத் தேய்ச்சுக்கிட்டு வந்துருக்கு."

"அப்ப ஆமைன்னு சொல்லுங்க. சிவப்பு ஆமை." சிரித்துக்கொண்டே பனிக்குள் போனார். "பத்து நிமிஷத்துல விட்டுருவாங்க!" என்று குரல் மட்டும் வந்தது.

வைரிமுவுக்கு ஒன்பது வயது. போன விடுமுறைக்கு வண்டி பட்டறையில் கிடந்தது. மூட்டை முடிச்சோடு இருவரும் மத்தாத்து வேனில் நெருக்கியடித்து வீட்டுக்குப் போனார்கள். வழியெல்லாம் குழந்தை அழுதாள். "உங்கிட்ட அப்படி ஒரு வண்டியே இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்கம்மா. நான் பொய் சொல்றேனாம்." அதனால் இந்தத் தடவை வாக்குக் கொடுத்திருந்தாள். சிவப்பு வண்டியில், முன் இருக்கையில், எல்லார் கண்ணெதிரே.

முன் இருக்கை, அதாவது இடது பக்கம். அந்தப் பக்கம்தான் மாதக்கணக்கில் அவளை உறிஞ்சி எடுத்தது.

முதலில் பின்னால் வருவதைக் காட்டும் இடது பக்கக் கண்ணாடி திருடு போயிற்று, தம்பியின் பட்டறையில் வண்டி நின்ற இரவில். நைரோபியில் அது செய்தியே இல்லை. கண்ணாடி, விளக்கு, ஜன்னல் என்று எல்லாவற்றிலும் வண்டியின் எண்ணைப் பொடியாகச் செதுக்கி வைப்பார்கள், திருடினாலும் விற்க முடியாதென்று. அப்படியும் திருடுவார்கள், விற்பார்கள். ஆற்றங்கரைச் சந்தையில் கிதிஞ்சி வாங்கிவந்த மாற்றுக் கண்ணாடியின் ஓரத்தில் வேறு யாருடைய எண்ணோ இருந்தது. 731 என்று முடிந்தது. "ஒரிஜினல்க்கா அது. அடுத்தவன் பேரு பொறிச்ச மோதிரம் மாதிரி, தங்கம் தங்கம்தான்" என்று சிரித்தான். பிறகு இடது விளக்கு. பிறகு கதவின் ஜன்னல் கண்ணாடி, ஏறி இறங்க மறுக்கிறது என்று. பிறகு பெல்ட். சம்பளம் வந்த வாரத்திலேயே கரைந்தது. ஆய்வுக்கூடத்தில் கூட வேலை பார்ப்பவர்கள், "வண்டி உன்னை வாங்கிடுச்சு முகாமி" என்றார்கள்.

கடைசியாக அந்த மணி. ஆளில்லாத இடது இருக்கையில் யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, வண்டி ஓயாமல் டிங் டிங் என்றது. அதன் வாயை அடைக்க வெற்று இருக்கைக்கு அவளே பெல்டை மாட்டிவிட்டு ஓட்டினாள். இருக்கையையே மாற்றினால்தான் தீரும் என்றான் கிதிஞ்சி. இன்று காலை மாற்றிவிட்டான்.

டிங்.

முகாமி திரும்பிப் பார்த்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள பலகையில் சின்னச் சிவப்பு விளக்கு. இடது இருக்கை. அதன்மேல் ஒன்றுமில்லை, கைப்பைகூட இல்லை. டிங். டிங். அவள் சலிப்போடு எட்டி, இத்தனை மாதப் பழக்கத்தில், பெல்டை இழுத்து வெறுமைக்குக் குறுக்கே மாட்டினாள். விளக்கு அணைந்தது. பெல்ட் தொய்ந்து கிடக்கவில்லை. நடுவில் லேசாகப் புடைத்துக்கொண்டு நின்றது.

புது இருக்கை, மெத்தை கெட்டியாக இருக்கும்.

அப்போதுதான் இடது ஜன்னலைக் கவனித்தாள். தன் பக்கத்துக் கண்ணாடி அவள் மூச்சால் மங்கியிருந்தது, அது இயல்பு. ஈரமான சூடான காற்று குளிர்ந்த பரப்பில் பட்டால் படியும். ஆனால் இடது கண்ணாடியில் மங்கல் பரவலாக இல்லை. ஒரு உள்ளங்கை அளவு மட்டும், உட்கார்ந்தால் வாய் வரும் உயரத்தில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கிற்று. மறுபடி விரிந்தது. சுருங்கிற்று. வெப்பக்காற்று வரும் துவாரத்தை அவள் கையால் மூடினாள். மங்கல் விரிந்தது. துவாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜன்னலின் கீழ் மூலையில் ஈரம் முத்து முத்தாகக் கோத்து, செதுக்கிய எண்ணை இடவலம் மாறித் தூக்கிக் காட்டியது. 731.

கதவைத் திறந்து இறங்கினாள். தூறல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. வண்டியின் முன்னால் போய்க் குனிந்து, இடது விளக்கை நீல ஸ்வெட்டரின் கையால் துடைத்தாள். 731. பக்கக் கண்ணாடி. 731. வேறு வேறு மாதங்களில், வேறு வேறு கடைகளில் வாங்கியதாகச் சொல்லிக் கிதிஞ்சி காசு வாங்கிக்கொண்டவை. எல்லாம் ஒரே வண்டியிலிருந்து.

போன் உள்ளே இருந்தது. ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, தம்பியை அழைத்தாள்.

"கிதிஞ்சி, எழுநூத்தி முப்பத்தொண்ணு யார் வண்டிடா?"

மறுமுனையில் அவன் குழந்தை எதற்கோ கெக்கலித்தது.

"எங்கிட்டப் பேசுடா."

"வண்டிக்குள்ள இருந்தா பேசுற?"

"ஆமா."

"ஸ்பீக்கர்ல போடாதக்கா." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அதுக்குக் கேக்க வேண்டாம்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"என் கண்ணாடிய எவன் திருடினான்?"

"யாரும் திருடல. நான்தான் கழட்டினேன். விளக்கும் நான்தான். ஒண்ணும் கெட்டுப்போகலக்கா, உன் சாமான் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப நான் கொடுத்த காசு?"

"இலவசமா மாட்டினா சந்தேகப்படுவியேன்னு வாங்கினேன்."

இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு கவனமாக. பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கை ஒழுங்காக முடித்ததில்லை இவன்.

"ஏலத்துல சல்லிசா வந்துச்சுக்கா. உன் வண்டி மாடல்தான், அதே சிவப்பு. மலை ரோட்டுல கினாலே பக்கம் பனியில பள்ளத்துல இறங்கிடுச்சு. இடது சீட்ல ஒரு பொம்பள, ஓட்டினவன் அவ தம்பி. குடிச்சிருந்தானாம். போலீஸ் வரும்னு பயந்து இறங்கிப் போயிட்டான். அவளுக்குப் பெல்ட் மாட்டிக்கிச்சு, கழட்ட வரல. மறுநாள் பனி விலகினப்பதான் பாத்திருக்காங்க, உசிரு போயிருந்துச்சு. இடது பக்க ஜன்னல் கண்ணாடி முழுக்க மூச்சு படிஞ்சு இருந்துச்சாம்."

இடப்பக்கம் திரும்பக் கூடாது என்று அவள் கழுத்தை இறுக்கிக்கொண்டாள்.

"தெரியாமத்தான் வாங்கினேன், சத்தியமா. அந்தப் பக்கத்து சாமானை ஒவ்வொண்ணா வித்தேன். வாங்கினவனெல்லாம் திருப்பிக் கொண்டாந்துட்டான். காசு கூடக் கேக்கல, வாசல்ல வச்சுட்டு ஓடிட்டான். பட்டறைக்குப் பின்னாடிதானேக்கா நாங்க படுக்குறோம். தொட்டிலுக்குப் பக்கத்துல இருக்குற ஜன்னல்ல தினம் காலைல மூச்சு. குழந்தை உசரத்துக்கு."

"அதனால?"

"அதான் அந்தப் பக்கத்தை ஒவ்வொண்ணா உன் வண்டிக்கு மாத்தினேன். நீ மட்டுந்தான் எதையும் திருப்பித் தரல." அவன் குரல் உடைந்தது. "மத்தவன்லாம் சாமானைச் சந்தேகப்பட்டுப் பாத்தான். நீ என்னை நம்பின."

"கிதிஞ்சி. அந்த சீட்ல வைரிமு உக்காரப் போறாடா. இப்ப. இன்னும் ரெண்டு நிமிஷத்துல. உனக்குத் தெரியும். நேத்தே சொன்னேன்ல உங்கிட்ட?"

மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"எனக்கும் குழந்தை இருக்குக்கா" என்றான். போன் அடங்கிற்று.

எங்கோ பனிக்குள் பள்ளி மணி அடித்தது. பிள்ளைகளின் இரைச்சல், பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல.

இறங்க வேண்டும். வாசலிலேயே வைரிமுவைப் பிடித்து நிறுத்த வேண்டும். வண்டி இங்கேயே கிடக்கட்டும், மத்தாத்துவில் போகலாம், அழுதால் அழட்டும். பெரிதாக மூச்சு வாங்கிக்கொண்டு, வலது கண்ணாடி வழியே வாசலைப் பார்த்தாள்.

கண்ணாடி தெளிவாக இருந்தது.

இவ்வளவு நேரம் மங்கியிருந்த கண்ணாடி. அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள். அதன்மேல் வாயைக் குவித்து ஊதினாள். படியவில்லை. மறுபடி ஊதினாள். அவள் ஊதிய அதே நொடியில், இடது கண்ணாடியில் உள்ளங்கை மங்கல் விரிந்தது.

மூச்சை அடக்கினாள். மங்கல் நின்றது.

விட்டாள். விரிந்தது.

வலது கையால் கதவின் பிடியைத் தேடினாள். பிடி இல்லை. விரலில் பட்டது பெல்டின் பூட்டு. அமுக்கினாள். அது அசையவில்லை. வலது பக்கம் எப்படிப் பூட்டு? கீழே பார்த்தாள். தொடைக்குக் கீழே, கெட்டியான மெத்தை. ஈரக் கம்பளி வாசனை. மார்புக்குக் குறுக்கே பெல்ட், அவளே இழுத்து மாட்டியது. மடியில் மண்டாசிப் பொட்டலம் இல்லை.

ஸ்டியரிங் அங்கே இருந்தது. எட்டாத தூரத்தில். வலது பக்கத்தில்.

அதன் பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நீல ஸ்வெட்டர். ஒரு கைமுனை விளக்கைத் துடைத்த ஈரத்தில் கறுத்திருந்தது. கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை. முகம் திரும்பவில்லை. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, இஞ்சினை அணைத்து, கதவைத் திறந்து, நெடுநேரம் உட்கார்ந்து கால் மரத்துப் போனவளைப் போல, மெதுவாக இறங்கினாள்.

"அம்மா! வந்துருச்சா? சிவப்பு வண்டி வந்துருச்சா?"

வைரிமு பனியைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தாள். பின்னால் மூன்று சிநேகிதிகள், பார்க்க வந்தவர்கள். நேரே இடது கதவுக்கு வந்தாள். ஜன்னலில் மூக்கை அழுத்தினாள். இந்தப் பக்கம், ஒரு விரற்கடை தூரத்தில், முகாமி கத்தினாள். கண்ணாடி மங்கியது. வைரிமு வெளியிலிருந்து சட்டைக் கையால் துடைத்தாள். போகவில்லை. உள்பக்கத்து மங்கல் அது.

"உள்ள ஏதோ புகையா இருக்கும்மா."

"தொடாத கண்ணு." முகாமியின் குரல். முகாமியின் வாயிலிருந்து அல்ல. "வண்டி மறுபடியும் ரிப்பேர். இங்கயே கிடக்கட்டும். மாமா வந்து எடுத்துக்குவான்."

"அப்ப நாம?"

"நடந்து போவோம். கையப் பிடிச்சுக்க. இந்தா, சூடா மண்டாசி."

"உன் கை ஏம்மா இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

சிநேகிதிகள் சிரித்துக்கொண்டு திரும்பி ஓடினார்கள். நீல ஸ்வெட்டரும் சின்னப் பச்சைச் சீருடையும் கைகோத்து, தேயிலைச் சரிவுப் பக்கம் இறங்கும் பாதையில், பனிக்குள் நடந்தன. வைரிமு ஒருமுறை திரும்பி வண்டியைப் பார்த்தாள்.

கண்ணாடியில் மூச்சு விரிந்தது. மூலையில் எண்கள் ஈரத்தோடு எழுந்தன, உள்ளேயிருந்து பார்க்கையில் இடவலம் மாறி.

சுருங்கிற்று.

விரிந்தது.