மலைக்கு எதற்கு ஓட்டப் பந்தயம்?

மலை ஏற ஆள் எடுப்பதற்கு நூறு மீட்டர் ஓட்டப் பந்தயம் வைத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருப்பார். அவர் எங்கள் பி.டி. சார் உதயகுமார்.

நீங்களே சொல்லுங்கள், மலையில் யாராவது ஓடுவார்களா?

சென்னையில் உள்ள ஒரு மலையேற்றச் சங்கம் எங்கள் பள்ளிக்கு ஒரு தாள் அனுப்பியிருந்தது. மே மாதம் பிள்ளைகளை இமயமலையில் பதினாலாயிரம் அடி உயரத்துக்கு அழைத்துப் போகிறார்களாம். பள்ளிக்கு ஒரே ஒரு இடம். 'ஆறு கிலோ பையைச் சுமந்து, உட்காராமல் நடக்கப் பழகவும்' என்று அதில் போட்டிருந்தது. ஓட்டம் என்ற சொல்லே கிடையாது. நான் நாலு தடவை படித்துப் பார்த்தேன்.

அன்றிலிருந்து இரண்டு மாதம் நான் பட்ட பாடு கொஞ்சமா? பழவேற்காடு ஏரிக்கரையில் மலைக்கு எங்கே போவது? இங்கே உயரம் என்றால் புயல் பாதுகாப்புக் கட்டடம்தான். அதன் படிகளில் தினமும் முப்பது தடவை ஏறி இறங்கினேன்.

"இன்னா பாப்பா, எதுனா தொலைச்சிட்டியா?" என்று காவல்காரர் தினமும் கேட்பார்.

சனி, ஞாயிறு என்றால் அம்மாவோடு ஏரிக்குள் இறங்கிவிடுவேன். அம்மா சேற்றைத் துழாவி, கையாலேயே இறால் பிடிப்பவர். நான் பள்ளிப் பையில் மணலை நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடப்பேன்.

"மணலை ஏண்டி ஊர்கோலம் கூட்டினு வர?" என்று அம்மா சிரிப்பார்.

இவ்வளவும் செய்துவிட்டு, சார் வைத்த ஓட்டத்தில் நான் ஆறாவது! முதலில் வந்தவன் லோகேஷ். அவன் ஒரு பிடி மணலைக்கூடச் சுமந்ததில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"இன்னாடி ஜமுனா, மூஞ்சத் தூக்கி வெச்சினு இருக்க?" என்று வீட்டில் அம்மா கேட்டார்.

சொன்னேன்.

"விடும்மா," என்றார் நைனா. "சாருக்குத் தெரியாததா?"

"தெரியலன்னுதான் நைனா சொல்றேன்!"

மறுநாள் காலை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக சாரிடம் போனேன். தாளை அவர் முன்னால் நீட்டினேன். கேட்டும்விட்டேன்.

"இதுல ஓடணும்னு எங்க சார் போட்டிருக்கு?"

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"இல்ல சார். மலையில மூட்டையத் தூக்கினு மெதுவாத்தான் நடக்கணும். நீங்க ஓட்டம் வெச்சா அது எப்படி சார் நியாயம்?"

சார் தாளை வாங்கிப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கேயும் ஓட்டம் இல்லை.

"சரி, இங்க ஒரு மேடுகூட இல்லையே. எதுல ஏறச் சொல்றது?"

"சேறு இருக்கு சார்," என்றேன்.

சனிக்கிழமை காலை, ஏரியில் தண்ணீர் வற்றியிருந்த நேரம். ஓட்டத்தில் முதலில் வந்த ஆறு பேரும் மணல் பைகளோடு கரையில் நின்றோம். எதிரே தெரியும் மணல் திட்டுவரை போய்த் திரும்ப வேண்டும். நடுவில் உட்காரக் கூடாது. முழங்கால் அளவு தண்ணீர்தான். ஆனால் அதற்கு அடியில் இருக்கும் சேறு காலை விடாது.

சார் விசில் ஊதினார். லோகேஷ் பாய்ந்து ஓடினான். பத்தே எட்டு வைத்திருப்பான், தொபுக்கடீர்! எழுந்து மறுபடியும் ஓடினான், மறுபடியும் விழுந்தான். பாதி வழியிலேயே நாலு பேர் திரும்பிவிட்டார்கள். லோகேஷ் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, காலை உயரத் தூக்கித் தூக்கி மிதித்து வந்தான்.

அதைப் பார்த்ததும் எனக்குப் பக்கென்றது. சேற்றில் திருக்கை மீன் படுத்திருக்கும். அதன்மேல் மிதித்தால் வாலில் இருக்கும் முள்ளால் குத்திவிடும். என் சித்தி ஒருமுறை மிதித்துவிட்டு, ஒரு மாதம் நடக்க முடியாமல் கிடந்தார்.

பேசாமல் போனால் அவன் சீக்கிரமே களைத்துப் போவான், இடம் எனக்குத்தான். எனக்கு அந்த இடம் ரொம்ப வேண்டும். ஆனால் வாய் கேட்கவில்லை.

"டேய்! காலைத் தூக்காத! திருக்கை இருக்கும். தேய்ச்சுத் தேய்ச்சு வை, சத்தம் கேட்டு அதுவே போயிடும்!"

நின்று, நடந்தும் காட்டினேன். லோகேஷ் சட்டென்று அதைக் கற்றுக்கொண்டான். திட்டைத் தொட்டுத் திரும்பும்போது என் பக்கத்திலேயே வந்தான். போச்சு, எல்லாம் போச்சு, எனக்கு இது தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன்.

கரைக்கு ஐம்பது அடி இருக்கும்போது பின்னால் சத்தம் கேட்டது. லோகேஷ் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"தோள் பிஞ்சு போச்சு. என்னால ஆவாது. நீ போ ஜமுனா!"

அவனைத் தூக்க சார் பதறிப்போய் ஏரிக்குள் ஓடி வந்தார். ஷூவோடு நாலே எட்டுதான், முழங்கால்வரை புதைந்துவிட்டார்.

"சார், ஓடாதீங்க!" என்று கத்தினேன். சத்தியமாகக் கிண்டல் செய்யவில்லை. ஆனால் கரையில் எல்லாரும் சிரித்தார்கள். உட்கார்ந்திருந்த லோகேஷும் சிரித்தான். கடைசியில் சாரும் சிரித்துவிட்டார். நான் கரையேறிப் பையை இறக்கிவிட்டு, திரும்பிப் போய் அவருக்குக் கை கொடுத்தேன்.

சாயங்காலம், பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய தாளோடு வீட்டுக்கு ஓடினேன். அம்மா அப்போதுதான் ஏரியிலிருந்து வந்திருந்தார். காலில் சேறு காயவில்லை.

"அங்க போய் இன்னாடி செய்வீங்க?"

"மூட்டையத் தூக்கினு தினமும் அஞ்சு மணி நேரம் நடக்கணும்மா."

"அப்புறம்?"

"அவ்ளோதான். பத்து நாள் முடிஞ்சதும் சர்டிபிகேட் குடுப்பாங்க."

"எதுக்கு?"

"நடந்ததுக்கு."

அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

"பத்து நாள் நடந்ததுக்கு சர்டிபிகேட்டா? இருபது வருசமா நடக்கிறேனே, எனக்கு எத்தினி குடுக்கணும்?"

அம்மா என் பேனாவைப் பிடுங்கி, நாகம்மாள் என்று தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

"போய் வாங்கினு வா," என்றார். "நம்ம வூட்டுக்கு வர வேண்டிய சர்டிபிகேட்டுல அதுதான் மொதல்."