பதினொரு கல் அறை

காலையில் தரை துடைக்கும்போதுதான் அவள் கவனித்தாள். மாமனாரின் அறையில் ஒரு கல் குறைந்திருந்தது.

துடைக்கும்போது தரைக்கற்களை எண்ணுவது அவள் பழக்கம். கல்யாணமாகி வந்து பதினேழு வருஷமாக, கதவிலிருந்து எதிர்ச்சுவர் வரை அந்த அறைக்குப் பதினொரு கல். சுவரை இடித்து உள்ளே தள்ளிக் கட்டி, அந்தப் பக்கம் மகளுக்கு அறை எடுத்ததில் நான்கு போய் ஏழு மிஞ்சியது. இன்றைக்கு ஆறுதான் இருந்தது.

அறை வேண்டும் என்று முதலில் வாயைத் திறந்தவளே அவள்தான். பழைய கட்டிடம், மூன்றாம் மாடி, வெளியே இழுத்துக் கட்ட வழியில்லை. பத்தாவது படிக்கிற பெண் சமையலறை மூலையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு அல்லாடுகிறாளே என்று வயிறெரிந்து கேட்டாள். கணவன் உடனே அளக்கிற டேப்பை எடுத்தான்.

"படுத்தே கெடக்குற மனுஷனுக்கு எதுக்கு இவ்வளவு எடம்?" என்றான், பெற்ற அப்பாவின் காதுபடவே.

பக்கவாதத்தில் மாமனாருக்குப் பேச்சுதான் போயிருந்தது, காது போகவில்லை. வேண்டியதை எவர்சில்வர் டம்ளரால் சுவரில் தட்டிக் கேட்பார். இரண்டு தட்டு என்றால் தண்ணீர். மூன்று தட்டு என்றால் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அன்றைக்கு அவர் தட்டவில்லை. கண்ணோரம் நனைந்தது. அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி போர்வையைச் சரிசெய்தாள்.

மேஸ்திரிதான் முரண்டு பிடித்தார். "சார், இது பாரம் தாங்குற சுவரு. நிக்கிற எடத்துலயே நிக்கட்டும். ஒரு தடவ நகத்திட்டோம்னா அப்புறம் நம்ம பேச்சக் கேக்காது."

"ஒங்க பேச்சையே நான் கேக்கல, சுவரா கேக்கப் போவுது?" என்று சிரித்தான் கணவன். இரும்புத் தூண் கொடுத்துக் கட்டியாயிற்று.

"ஏங்க, மாமா ரூம்ல ஒரு கல்லக் காணோம்," என்றாள் இப்போது.

"கல்லுக்குக் கால் மொளச்சிருச்சா? தப்பா எண்ணியிருப்ப." மகளின் அறையை அளந்தவன் முகம் மலர்ந்தது. "அட, இங்க ஒரு அடி கூட இருக்கே! மேஸ்திரி தாராள மனசுக்காரன்தான்."

மத்தியானம் அவள் கஞ்சியோடு போனபோது, ஜன்னல் மூடாமலே அறை மங்கிக் கிடந்தது. ஈரச் சிமெண்ட் வாசனை நாக்கில் ஒட்டியது. சுவருக்குள் எங்கோ மணல் சரசரவென்று ஓயாமல் உதிர்ந்தது. கட்டில் கால் தரையில் ஒரு நீளக் கீறலை இழுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்திருந்தது. எண்ணினாள். ஐந்து.

"மாமாவ ஹாலுக்குக் கொண்டு வந்துடலாங்க. ஒங்க கால்ல விழறேன்."

"கட்டில் வாசல்ல நொழையாது, கழட்டணும். ஹால்ல போட்டா வர்றவங்க எங்க உக்காருவாங்க? நாளைக்குப் பாக்கலாம்."

பாவி மனுஷன்! தனியாகவே அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. நல்லாயிருக்கிற ஒரு கையால் அவர் அவள் முந்தானையைப் பற்றிக்கொண்டார். சுவர் கட்டிலை இன்னும் நெருக்கிக்கொண்டிருந்தது. "இதோ வந்துடறேன் மாமா," என்று விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வெளியே வந்தாள்.

அப்புறம் அவள் போகவில்லை. பயம். வேறென்ன சொல்ல? பயம்தான். இரவெல்லாம் சரசரப்பு கேட்டது. காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாள்.

விடிந்தது. கதவைத் திறந்தாள்.

சுவர்.

கதவை ஒட்டி. புதுப் பூச்சு. ஈரம். காலடியில் ஒரு கல்கூட இல்லை.

"இங்க ஓடி வந்து பாரேன்!" மகளின் அறையிலிருந்து கணவன் கூவினான். "டேப்பு பத்தல! பீரோவே போடலாம்!"

டக். டக்.

மகளின் அறையில் டேப் சத்தம் நின்றது. அவனுக்கும் கேட்டிருக்கிறது. பிறகு அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பைப்பு," என்றான். "பழைய பைப்பு."

டேப் மறுபடி இழுபடும் சத்தம் கேட்டது. அவள் சமையலறைக்கு ஓடி, ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்தாள். கதவருகே நின்றாள். எதிரே ஈரச் சுவர்.

டக். டக்.